கணக்கைப் பூட்டும் திருடர்கள்: நம் கடைகளையும் அலுவலகங்களையும் காத்துக்கொள்ள



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போனது. பிறகுதான் சொன்னார்: "பாய், எனக்கு யார் எவ்வளவு தரணும், நான் யாருக்கு எவ்வளவு தரணும்னு இன்னைக்கு எனக்கே தெரியலை."

அன்று காலை கடையைத் திறந்து கணக்கர் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். டாலி கணக்கு, எக்செல் பட்டியல், பில்களின் படங்கள் என எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எதுவும் திறக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் இத்தனை நாளுக்குள் பிட்காயினில் பணம் அனுப்புங்கள் என்பது அதன் சாரம்.

பாதுகாப்புக்காக அவர் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தினமும் நகல் எடுத்து வந்தவர்தான். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் இரவும் பகலும் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகியபடியே இருந்தது. கம்ப்யூட்டரைப் பூட்டியவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான்.

கம்பம்மெட்டுக்கு மேலே உள்ள சிறு தோட்டக்காரர்கள் பலருக்கு அவர் அறுவடைக்கு முன்பே அட்வான்ஸ் கொடுத்திருந்தார். சிலருக்குச் சரக்கு வாங்கிய பாக்கி நின்றது. துண்டுச் சிட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கிழித்துப் போடுவது கடையின் வழக்கம். ஆகவே அந்தப் பற்று வரவு வேறு எங்கும் இல்லை. அவர் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாமா? தோட்டக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அவர் அனுமதியோடுதான், பெயர் சொல்லாமல், இதை எழுதுகிறோம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி வட்டாரங்களில் கடை, மண்டி, லாரி புக்கிங், பள்ளி, மருத்துவமனை நடத்தும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இந்தத் திருட்டு எப்படி நடக்கிறது?

இதற்கு 'ரான்சம்வேர்' என்று பெயர். ஆளைக் கடத்திப் பிணைப்பணம் கேட்பதுபோலக் கோப்புகளைப் பிடித்து வைத்துப் பணம் கேட்கும் மென்பொருள். திருடன் கோப்பை எடுத்துக்கொண்டு போவதற்குப் பதிலாக, அது இருக்கும் இடத்திலேயே அதன் எழுத்துகளைக் கலைத்துவிடுகிறான். கலைத்ததைத் திரும்ப ஒழுங்குபடுத்தும் சாவி அவனிடம் மட்டுமே இருக்கும். இன்றைய பூட்டு முறைகள் சரியாகச் செய்யப்பட்டிருந்தால், நம் ஊர்க் கடைக்காரரோ பெரிய நகரத்து நிபுணரோ அதை உடைத்துத் திறக்க இயலாது.

இது பெரிய கம்பெனிகளுக்குத்தானே, பள்ளத்தாக்கில் இருக்கும் நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2017 மே 12 அன்று பரவிய 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் அதில் சிக்கின. அதே நாட்களில் நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் சிக்கின. யாரும் அந்தப் பஞ்சாயத்துகளைக் குறிவைத்து வரவில்லை. பூட்டாத கதவு எங்கே இருக்கிறது என்று இயந்திரமே தேடிக்கொண்டு போனது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் இயங்கும் பொதுத் துறையின் கம்ப்யூட்டர்கள் சிலவும் இப்படிப் பூட்டப்பட்டன. கேட்கப்பட்ட தொகை 1,950 டாலர். அரசு அலுவலகத்திடமே இவ்வளவு சிறிய தொகை கேட்பவன், நம் மண்டியைச் சிறியது என்று விட்டுவிட மாட்டான்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு பில், ஈ-வே பில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலமும் மின்னணு முறையில்தான் நடக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாமல் வியாபாரம் இல்லை என்ற நிலைக்கு நாம் வந்துவிட்டோம். அதைக் காக்கும் பழக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

உள்ளே வரும் வழிகள்

முதல் வழி, இணையத்திலிருந்து நேராகத் திறக்கும் கதவு. கணக்கரோ ஆடிட்டர் அலுவலகமோ வெளியிலிருந்து கடைக் கம்ப்யூட்டரை இயக்க 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதியைத் திறந்து வைப்பார்கள். அது நமக்கு மட்டும் திறந்த கதவு அல்ல. உலகில் எங்கிருந்தும் அது தெரியும். ஒருவன் ஓர் இயந்திரத்தை ஏவி, ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பான். நம் வியாபாரியின் கடையில் பாஸ்வேர்டு கடையின் பெயரும் 123ம் தான். திருடன் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று பழுது பார்க்க வந்தவர் சொன்னார்.

இரண்டாவது வழி, ஈமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் கோப்பு. 'பில் இணைத்துள்ளோம்', 'கூரியர் திரும்பிவிட்டது', 'வரி நோட்டீஸ்' என்று வரும். கணக்கர் வேலை மும்முரத்தில் திறந்துவிடுவார். அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. பில்லைத் திறப்பதுதானே அவர் வேலை.

மூன்றாவது வழி, காசு கொடுக்காமல் வாங்கிய 'கிராக்' மென்பொருள். பூட்டை உடைத்துக் கொடுத்தவன் உள்ளே வேறு என்ன வைத்தான் என்பது நமக்குத் தெரியாது. பிறர் உழைப்பைக் காசு கொடுக்காமல் பயன்படுத்துவது ஆகுமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும், வியாபாரக் கணக்கோடு அப்படி ஒரு மென்பொருளை வைத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

நான்காவது வழி, பழைய விண்டோஸ். வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்குதல் வந்தது இரண்டு மாதம் கழித்து. 'அப்டேட்' கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று அழுத்தியவர்களும், பழைய பதிப்புகளிலேயே இருந்தவர்களும்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 7க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் நின்றுவிட்டன. நம் கடைகளில் இந்த இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு கதவு திறந்தால் முழு வீடும் போகலாமா?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் நோயாளிகளின் பதிவு, பரிசோதனை முடிவு எல்லாம் கையால் எழுதப்பட்டன. அரசு சொன்ன காரணம் நாம் கவனிக்க வேண்டியது: வலையமைப்பைச் சரியாகப் பகுதி பிரிக்காமல் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு முன் கதவு ஒன்று இருந்தாலும் உள்ளறைக்குத் தனிக் கதவு வைக்கிறோம் அல்லவா? அதுதான் இது. நம் கடைகளில் என்ன நடக்கிறது? ஒரே வைஃபை. அதில் பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி பெட்டி, கடைப் பையன்களின் போன், வந்து போகும் வாடிக்கையாளரின் போன், பிள்ளைகள் விளையாடும் மடிக்கணினி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு. எல்லோரும் எல்லாக் கோப்பையும் திறக்கலாம். ஓரிடத்தில் நுழைந்தவன் முழுவதையும் எடுத்துக்கொள்ள நாமே வழி செய்து வைத்திருக்கிறோம்.

மின்வெட்டு காப்பாற்றிய கதை

எய்ம்ஸில் நோயாளிகளின் தகவல் திரும்பக் கிடைத்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் அது இருந்ததே காரணம். இந்த இடத்தில் 2017 ஜூன் 27 அன்று நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். நம் கட்டுரையின் முக்கியச் செய்தி இதில்தான் இருக்கிறது.

உக்ரைன் நாட்டு நிறுவனங்கள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' என்ற நச்சுநிரல் கிளம்பியது. அங்கே கிளை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனங்கள் பலவும் பாதிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று டென்மார்க்கின் மெர்ஸ்க், உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்று. நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்று, கன்டெய்னர்கள் தேங்கின.

எந்த ஊழியர் எந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் தலைமைக் கம்ப்யூட்டர்கள் மெர்ஸ்க்கிடம் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார்கள். இணைந்தே இருந்ததால் எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. அந்தப் பதிவேடு இல்லாமல் நிறுவனத்தை மறுபடி எழுப்ப வழியில்லை.

தேடியதில் ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த கம்ப்யூட்டர் அது. தாக்குதலுக்கு முன் அங்கே மின்வெட்டு ஏற்பட்டு, அந்தக் கம்ப்யூட்டர் வலையமைப்பிலிருந்து விடுபட்டிருந்தது. அதிலிருந்த தகவலை இணையம் வழியாக அனுப்ப அங்கே வேகம் போதவில்லை. கானா ஊழியர் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியா போய் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் அதை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதை வைத்துத்தான் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவினார்கள். அப்படியும் 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம்.

மின்வெட்டு என்றால் என்ன என்று நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சபித்துத்தான் நமக்குப் பழக்கம். ஆனால் அந்தக் கப்பல் நிறுவனத்தைக் காப்பாற்றியது, துண்டிக்கப்பட்டிருந்த ஒரு நகல். நம் வியாபாரியைக் கைவிட்டது, துண்டிக்கப்படாத ஒரு நகல். எத்தனை நகல் இருக்கிறது என்று மட்டும் எண்ணிப் பயனில்லை. அதில் ஒன்றாவது எந்தக் கம்பியோடும் இணையத்தோடும் சேராமல் தனியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

1. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் வாங்குங்கள். சில கிலோ ஏலக்காயின் விலைதான். ஒன்றில் 'ஒற்றை', மற்றதில் 'இரட்டை' என்று எழுதி ஒட்டுங்கள். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று. நகல் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் சொருகுங்கள். முடிந்ததும் கழற்றி, ஒன்றைக் கடைக்கு வெளியே, வீட்டு அலமாரியில் வையுங்கள். தீ, வெள்ளம், திருட்டு எதற்கும் இதுவே காவல். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை அடைக்கும் முன் என்று நாளைக் குறித்துக்கொண்டால் மறக்காது.

2. நகல் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, கணக்குத் திறக்கிறதா, நேற்றைய பில் இருக்கிறதா என்று பாருங்கள். திறக்காத நகலும் இல்லாத நகலும் ஒன்றுதான்.

3. கூகுள் டிரைவ் போன்றவற்றில் தானாக ஏறுகிறது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் கோப்பு பூட்டப்பட்டால், பூட்டிய கோப்பே அங்கும் ஏறும். பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு மீட்கும் வசதி பலவற்றில் உண்டு. உங்களுடையதில் எத்தனை நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. மாதக் கடைசியில் பற்று வரவு பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்செடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். நாள்வழியும் பேரேடும் எழுதிய நம் அத்தாமார்கள் காலத்து வழிதான். தாளை யாராலும் தொலைவிலிருந்து பூட்ட முடியாது.

5. ரிமோட் டெஸ்க்டாப் இணையத்துக்குத் திறந்திருக்கிறதா என்று உங்கள் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் இன்றே கேளுங்கள். தேவையில்லை என்றால் மூடச் சொல்லுங்கள். ஆடிட்டருக்குத் தேவை என்றால், அவர் கேட்கும்போது மட்டும் திறந்து வேலை முடிந்ததும் மூடுங்கள்.

6. நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும். ஈமெயில், வங்கி, டாலி கணக்குகளுக்கு போனில் வரும் எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குப் பூட்டு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள்.

7. தினசரி வேலைக்கு 'அட்மின்' உரிமை இல்லாத சாதாரணக் கணக்கைப் பயன்படுத்துங்கள். புதிய மென்பொருள் போட மட்டும் அட்மின்.

8. வாடிக்கையாளருக்கும் ஊழியர் போன்களுக்கும் 'கெஸ்ட்' வைஃபை தனியாக வையுங்கள். சிசிடிவியையும் அதிலேயே சேர்க்கலாம். இப்போது வரும் பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த வசதி இருக்கிறது. ரவுட்டருடன் வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

9. விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கம்ப்யூட்டர் மிகவும் பழையதாகி, புதிய விண்டோஸ் ஏறவில்லை என்றால், அதை இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள்.

லாரி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் 158 ஆண்டு பழமையான ஒரு சரக்கு லாரி நிறுவனம், கேஎன்பி, 2023 ஜூனில் தாக்கப்பட்டு, சில மாதங்களிலேயே மூடப்பட்டது. சுமார் 500 லாரிகள் வைத்திருந்த நிறுவனம். ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தார்கள். ஓர் ஊழியரின் எளிய பாஸ்வேர்டை யூகித்துத் திருடர்கள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. லாரி ஓடாமல் போகவில்லை. எந்தச் சரக்கு எங்கே, யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு போனதால் நிறுவனம் போனது.

நடந்துவிட்டால்?

முதலில் பதற வேண்டாம். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மற்றக் கம்ப்யூட்டர்களையும் அப்படியே பிரியுங்கள். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அவசரத்தில் சொருகிப் பார்த்துவிடாதீர்கள். பலர் கடைசி நகலை இழப்பது அந்த ஒரு நிமிடத்தில்தான். திரையில் உள்ள அறிவிப்பை போனில் படம் எடுங்கள். உடனே 'ஃபார்மட்' செய்யச் சொல்லாதீர்கள். பூட்டிய கோப்புகளை ஒரு தனி டிஸ்க்கில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். வங்கிக் கணக்கில் பணமும் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' என்ற மத்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவு சொல்கிறது. கௌரவம் போய்விடும் என்று மறைப்பவர்கள் நிறைய. வீட்டில் திருடு போனால் மறைக்கிறோமா?

'நோ மோர் ரான்சம்' என்று ஓர் இணையதளம் உண்டு. நெதர்லாந்துக் காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016ல் தொடங்கியது. பழைய சில வகைப் பூட்டுகளுக்கான சாவிகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நம் வியாபாரியின் பூட்டுக்கு அங்கே சாவி இல்லை. ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது. இன்று இல்லாத சாவி பிறகு வரலாம். பூட்டிய கோப்புகளை எடுத்து வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

எல்லாமே போய்விட்டதாகவும் நினைக்க வேண்டாம். கொடுத்த ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள், ஈ-வே பில்கள் அரசு இணையதளத்தில் இருக்கும். வங்கி ஸ்டேட்மெண்ட் வங்கியில் இருக்கும். உங்களுக்குச் சரக்கு விற்றவரிடம் அவர் பில் இருக்கும். ஆடிட்டரிடம் சென்ற ஆண்டுக் கணக்கு இருக்கும். இவற்றைக் கொண்டு பெரும்பகுதியை மீட்கலாம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் மீட்கும் வேலையைத் தள்ளிப்போடவும் கூடாது. எங்கும் கிடைக்காதது ஒன்றுதான்: வாய் வார்த்தையில் கொடுத்த கடன்.

பணம் கொடுக்கலாமா?

நம் வியாபாரி கேட்ட முதல் கேள்வி இது. நாம் சொன்ன பதில்: வேண்டாம். அந்தப் பணம் அடுத்தவரைத் தாக்கும் முதலீடு. கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாட்பெட்யா விஷயத்தில் பணம் கட்டியவர்கள் யாருக்கும் கோப்பு திரும்பக் கிடைக்க வழியே இருக்கவில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்துச் சாவி வாங்கியது. அந்தச் சாவி மிக மெதுவாக வேலை செய்ததால், தன்னிடமிருந்த பேக்கப்பைக் கொண்டும் அது வேலை செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதிலை அவரே கண்டுபிடித்தார். தோட்டக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்து கடையில் உட்கார்ந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஒவ்வொருவரும் தன் நினைவையும் தன்னிடம் இருந்த சிட்டையையும் கொண்டு கணக்குச் சொல்ல, அவர் ஒரு புதிய நோட்டில் எழுதினார். பெரும்பாலும் ஒத்துப்போனது. இருவர் நினைவும் மாறுபட்ட சில இடங்களில் தோட்டக்காரர் சொன்னதையே எழுதிக்கொண்டார். அதனால் வந்த நஷ்டத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. மதரஸாவில் படித்த நாளிலிருந்து அது நமக்குத் தெரியும். எழுதியதை எழுத்தாகக் காத்து வைப்பதும் அந்தக் கடமையில் சேர்ந்தது என்பது அன்று அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் நமக்கு உறைத்தது.

நம் அலுவலகத்தைப் பார்த்தோம்

அவரை அனுப்பிவிட்டு நாம் நம் அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்தோம். நம் பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் பின்னால் சொருகியபடிதான் இருந்தது. அதைவிட நம்மைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. உதவித்தொகை பெற்ற பிள்ளைகளின் ஆதார் நகல், விதவைச் சகோதரிகளின் வங்கிப் பாஸ்புக் படங்கள், சிகிச்சை உதவி கேட்டவர்களின் மருத்துவ அறிக்கைகள் எல்லாம் பல வருடமாக ஒரே ஃபோல்டரில் கிடந்தன. இப்போதைய திருடர்கள் பூட்டுவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்கிறார்கள். பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்கிறார்கள். நம்மிடம் எத்தனை பேக்கப் இருந்தாலும் இதைத் தடுக்காது.

ஜகாத் பெறுபவர் பெயரை நாம் மேடையில் வாசிப்பதில்லை. ஆண்டறிக்கையில் அச்சிடுவதில்லை. அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்த அமானிதத்தை ஒரு திறந்த ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தோம். 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிறர் தகவலை வைத்திருப்பவர் அதைத் தக்க முறையில் காக்க வேண்டும் என்கிறது.

வேலை முடிந்த விண்ணப்பங்களின் நகல்களை நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு அழித்தோம். மிச்சமுள்ளவற்றைப் பாஸ்வேர்டு போட்ட தனி டிஸ்க்கில் மாற்றி அலமாரியில் வைத்தோம். இரண்டு ஹார்ட் டிஸ்க் முறை நம் அலுவலகத்திலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. உதவி பெறுவோரின் நடப்பு மாதப் பட்டியல் தாளிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒரு நாள் திறக்கவில்லை என்றாலும், ஒரு சகோதரியின் மாத உதவி தாமதமாகாது, இன்ஷா அல்லாஹ்.

நம் மஹல்லாவில் கம்ப்யூட்டர் படித்த இளைஞர்கள் சிலர், சிறு கடைகளுக்கு வந்து மேலே சொன்ன ஒன்பதையும் சரிபார்த்துத் தர இலவசமாக முன்வந்திருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். இந்த இதழைக் கீழே வைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரின் பின்னால் கை விட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் கழற்றி வையுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய ஹலாலான வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்